இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கு நெஞ்சு வலிப்பது புதிதல்ல. அதை நம்புவதற்குத்தான் புதிதாக யாராவது வரவேண்டியிருந்தது. பழைய ஆட்கள் எல்லோரும் நம்பி நம்பிக் களைத்துப் போயிருந்தார்கள்.

முதல் தடவை வலி வந்தபோது தெருவே திரண்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். மேல்வீட்டுக்காரி கதவைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்தினாள். மனைவி அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வாசல் காவலாளியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் கோடு அச்சடித்த மாதிரி ஒழுங்காக ஓடுகிறது. வலியும் போன இடம் தெரியவில்லை. இரண்டாம் தடவை பாதித் தெரு வந்தது. மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக்காரர், "சாவிய எங்க வெச்சேன்னு தெரியலையே" என்று வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார். அடுத்த தடவை வாத்தியார் பஸ்ஸில் போனார். அதுவும் நின்றுகொண்டு.

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்தக் கதைதான். வலி இருக்கும்போது மெஷின் இல்லை. மெஷின் இருக்கும்போது வலி இல்லை. ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஜெல் தடவி எக்கோ பார்த்தார்கள். கடைசியாக டிரெட்மில்லில் ஏற்றி ஓடச் சொன்னார்கள். வாத்தியாரின் இதயம் வேகம் பிடிப்பதற்குள் அவருடைய பாழாய்ப்போன முழங்கால் கையை விரித்துவிட்டது. இறக்கிவிட்டு, "முடிந்தவரை நார்மல்" என்றார்கள்.

"முடிஞ்சவரைன்னா என்ன டாக்டரம்மா?" என்று கேட்டார் வாத்தியார்.

"உங்க முழங்கால் முடிஞ்சவரை. ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க."

இந்த டாக்டரம்மா சாதாரண ஆள் இல்லை. ஐம்பதைத் தொட்டவர், இதய வைத்தியத்தில் பேர்போனவர். மணிக்கட்டு வழியாக நூல் மாதிரிக் கம்பியை விட்டு, வளைத்து வளைத்து இதயத்துக்குக் கொண்டுபோய், அடைப்பை எடுத்துவிட்டு, கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அவர் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த "ஒண்ணுமில்ல"வை வீட்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவள் வாத்தியாரின் மனைவி. அவள் தையற்காரி. புதுத்துணி தைப்பதைவிடப் பழைய துணியைப் பிரித்து, பிடித்து, இறக்கிச் சரிசெய்வதில் கெட்டிக்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மெஷினை விட்டு எழுந்திருக்காமலே வீட்டில் நடப்பது அத்தனையும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் கணவரின் வலியில் ஓர் ஒழுங்கு இருப்பதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். கேஸ் சிலிண்டரை உருட்டச் சொன்னால் வலி. மாடிக்குத் துணி மூட்டை தூக்கச் சொன்னால் வலி. அவளுடைய தம்பியோடு அரசியல் பேசினால் வலி. தட்டு வைத்தால் வலி இல்லை, டி.வி. போட்டால் வலி இல்லை, தூங்கும்போது சுத்தமாக வலி இல்லை.

"வேலைன்னா வலி, சோறுன்னா சரி" என்பாள். "நடிக்காதீங்க. டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லியாச்சு."

சும்மா சொல்லக்கூடாது, அவள் கெட்டவள் இல்லை. முதல் தடவை அவள் அழுத அழுகை பொய்யா? அவ்வளவு அழுதபிறகு மனுஷன் ஒன்றுமில்லாமல் நடந்து வீட்டுக்கு வந்து, "காப்பி இருக்கா?" என்று கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் வாத்தியாருக்கு அந்த "நடிக்காதீங்க"தான் தாங்கவில்லை. ராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, 'ஆளைக் கொல்லாத மாதிரி சின்னதா ஒரே ஒரு அட்டாக் வந்து தொலைக்கக் கூடாதா' என்று வேண்டிக்கொள்வார். உலகத்தில் யாராவது இப்படி வேண்டுவார்களா? அவர் வேண்டினார். நம்பப்பட வேண்டும் என்ற ஆசை அவரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விட்டிருந்தது.

வலி அதிகமாக வந்த இடம் வீடு இல்லை, வண்டி. ஆனால் அது யாருக்குத் தெரியும்? பக்கத்தில் இருப்பது ஓட்டக் கற்றுக்கொள்கிற ஆள். அந்த ஆளின் கண் ரோட்டில் இருக்கும். அல்லது பயத்தில் எங்கேயாவது இருக்கும். வாத்தியாரின் முகத்தில் இருக்காது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் சொதப்பினால் இவர் மிதிக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே வாழ்ந்த கால் வாத்தியாருடையது. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிக்கும். சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் கார் வந்தாலும் மிதிக்கும். ஊரில் அவருக்குப் 'பிரேக் வாத்தியார்' என்றே பெயர்.

இப்படியிருக்கும்போது ஒருநாள் காலையில் டிரைவிங் ஸ்கூல் படியேறி வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் டாக்டரம்மாவேதான்.

"வாத்தியாரே, நீங்கதானா? நல்லதாப் போச்சு" என்று உட்கார்ந்தார். "வீட்டுக்காரருக்கு வெளியூர் மாத்தலாயிடுச்சு. இத்தன நாள் அவர்தான் கொண்டுவந்து விடுவாரு. லைசென்ஸ் டெஸ்ட்ல நான் நாலு தடவ ஃபெயில். வெளிய சொல்லிடாதீங்க."

யானைக்கும் அடி சறுக்கும் என்பது சரி. ஆனால் இந்த யானை ஸ்டியரிங்கைத் தொட்டதுமே உட்கார்ந்துவிடுகிற யானை. இதயத்துக்குள் கம்பியை வளைக்கிற அதே கை இங்கே விறைத்துப்போகும். அதுகூடப் பரவாயில்லை. எதிரே ஏதாவது வந்தால் டாக்டரம்மா ஒரு காரியம் செய்வார்: இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

"ஏன் டாக்டரம்மா கண்ண மூடுறீங்க?" என்று முதல் நாள் பதறிக் கேட்டார் வாத்தியார்.

"பாக்க முடியல, அதான்."

"நீங்க பாக்கலன்னா வண்டிய யாரு பாப்பா?"

"அதான் உங்க கிட்ட பிரேக் இருக்கே!"

இந்தப் பதிலைக் கேட்டபோதே வாத்தியாரின் நெஞ்சில் சுருக்கென்றது. சொன்னாரா என்றால் இல்லை. யாரிடம் சொல்வது? "ஒண்ணுமில்ல" என்று எழுதிக்கொடுத்த ஆளிடமேவா?

இரண்டு வாரம் மைதானத்தில் சுற்றிவிட்டு, ஒருநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கத்து ரோட்டில் ஓட்டினார்கள். கூட்டம் அதிகம் இல்லை. டாக்டரம்மா அன்றைக்கு நன்றாகத்தான் ஓட்டினார். "பாத்தீங்களா, வந்துடுச்சு!" என்றுகூடச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி மூக்கை நீட்டியது. டாக்டரம்மா வழக்கம்போலக் கையை எடுத்தார், கண்ணை மூடினார். வாத்தியார் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்து, உயிரைக் கொடுத்துப் பிரேக்கை மிதித்தார். லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

லாரி போய்விட்டது. வலி வந்துவிட்டது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி.

"டாக்டரம்மா... கண்ணத் திறங்க. வலிக்குது."

டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், அதுவரை பக்கத்தில் இருந்த பயந்தாங்கொள்ளி எங்கே போனாள் என்று தெரியவில்லை. வாத்தியாரின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தறிகெட்டு ஓடியது. முகமெல்லாம் வேர்வை. "எங்க வலிக்குது? தோள்பட்டைக்குப் போகுதா? வாயத் திறங்க, நாக்கத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார். இதய டாக்டர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். சுருங்கிய ரத்தக்குழாயை விரித்துவிடுகிற மாத்திரை அது; எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியது.

"கொறையுதா?"

"கூடுது."

"கூடுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னம்மா இருக்கு, கண்ணு இருட்டுது!"

டாக்டரம்மாவின் முகத்தில் அப்போதுதான் நிஜமான கவலை தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். இருக்கிற ஆம்புலன்ஸ் ஊரின் மறுகோடியில் இருக்கிறதாம். அடுத்த தெருவில்தான் ஆஸ்பத்திரி; மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிகிறது. உதவிக்குக் கூப்பிட அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். வாத்தியாரும் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வேண்டாம்மா. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார் ஈனசுரத்தில்.

"பேசாம இருங்க. ஃபர்ஸ்ட் கியர் எது?"

அன்றைக்கு அந்த ரோட்டில் அந்த வண்டி போன போக்கைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். டாக்டரம்மா ஆக்சிலரேட்டரை மிதிப்பார், வண்டி பாயும். வாத்தியாரின் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும், வண்டி முட்டி நிற்கும், எஞ்சின் அணைந்துவிடும். மறுபடி சாவி, மறுபடி பாய்ச்சல், மறுபடி பிரேக். உயிர் போகிற மனுஷன் தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டியைத் தானே மிதித்து நிறுத்திக்கொண்டிருந்தார்.

"கால எடுங்க வாத்தியாரே!"

"நானா வைக்கறேன்? அதுவா போகுதும்மா... கிளட்ச்! கிளட்ச மிதிங்க! சைக்கிள், சைக்கிள்! ஐயோ, அவன் போகட்டும்!"

ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் வாத்தியாரின் வலி ஏறியது. முனையில் சிவப்பு சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. டாக்டரம்மா சட்டென்று மறுபடி மணிக்கட்டைப் பிடித்தார். நாடி மெதுவாக இறங்கியது.

"இப்ப?"

"இப்பக் கொஞ்சம் தேவல."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரனை அலறவிட்டான். வாத்தியார் திடுக்கிட்டார். நாடி எகிறியது.

"இப்ப?"

"ஐயோ, மறுபடி வருதும்மா!"

டாக்டரம்மா வண்டியை எடுக்கவில்லை. வாயைத் திறந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வேகமா அடிச்சா வலி... மெதுவா அடிச்சா இல்ல... மாத்திரை போட்டா இன்னும் ஜாஸ்தி..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு வாத்தியாரின் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: "வாத்தியாரே, நீங்க நடிக்கல!"

வாத்தியாரின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! இருந்தாலும் தொழில் புத்தி விடுமா? "அதச் சொல்றதுக்கு நடு ரோட்டுலயா நிறுத்துவீங்க? பச்ச போயிடப் போகுது, எடுங்க!" என்றார்.

"நீங்க மொதல்ல ரெண்டு காலையும் தூக்கி டேஷ்போர்டு மேல வைங்க. மயக்கத்துக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

வாத்தியார் தயங்கினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு இந்த அம்மாள் கையில் உயிரைக் கொடுப்பது லேசான விஷயமா? ஆனால் எல்லோரும் கைவிட்டபிறகு தன்னை நம்பிய முதல் ஆள் இவர்தான். 'ஆனது ஆகட்டும்' என்று சீட்டைச் சாய்த்து இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்தார்.

அப்புறம் வண்டி ஒரே ஓட்டம். அவசர சிகிச்சை வாசலில் காவலாளி, "டிரைவிங் ஸ்கூல் வண்டிலாம் இங்க வரக்கூடாது" என்று கையை நீட்டிக்கொண்டு வந்தவர், கண்ணாடி வழியாக இரண்டு உள்ளங்கால்களையும் அதற்குப் பக்கத்தில் பெரிய டாக்டரம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு பூந்தொட்டிகள் போயின. வேறு சேதம் இல்லை.

வலி இன்னும் இருக்கும்போதே ஒயரை ஒட்டினார்கள். அன்றைக்குத்தான் நாயும் கல்லும் ஒன்றாக அகப்பட்டன. எப்போதும் ஒழுங்காக ஓடுகிற கோடு ஓரிடத்தில் தொய்ந்து கீழே இறங்கியிருந்தது. டாக்டரம்மா அதை எல்லோரிடமும் காட்டினார். இதயத்தை நிதானப்படுத்துகிற ஊசி ஒன்றைப் போட்டதும் கோடு நிமிர்ந்தது, வலியும் விட்டது.

மறுநாள் ஸ்கேன். நெஞ்சின் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கிற பெரிய மெஷின். ஸ்கேன் எடுக்கிற ஆள் வழக்கப்படி ஒரு ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு வந்து, "வாயத் திறங்க சார், நாக்குக்கு அடியில ஒண்ணு அடிச்சா படம் தெளிவா வரும்" என்றார். வாத்தியார் சொன்ன பேச்சைக் கேட்கிறவர், வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து மைக்கில் டாக்டரம்மாவின் குரல் வெடித்தது.

"அடிக்காத! அத அடிக்காத!"

அந்த ஆள் துள்ளிய துள்ளலில் ஸ்பிரே சுவரில் பட்டது. "எல்லாருக்கும் அடிக்கறதுதானே மேடம்?"

"நேத்து அத மாத்திரையா நானே குடுத்துத்தான் அவர் உயிரோட வெளையாடினேன். இவர் எல்லாரும் இல்ல!"

இதைக் கேட்டு வாத்தியாருக்கு உள்ளூர ஒரு பெருமை. மெஷினுக்குள் போகும்போது சிரித்துக்கொண்டே போனார்.

மனைவி முதல் நாளே கழுத்தில் டேப்போடு ஓடி வந்தவள்தான், வீட்டுக்குப் போகவில்லை. முதல் நாள் வாசலில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில், "திரும்பவும் நடி—" என்று ஆரம்பித்து, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். இப்போது இரண்டு பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்து டாக்டரம்மா படத்தைக் காட்டினார்.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் இது. எல்லாருக்கும் சதைக்கு மேல ஓடும். இவருக்கு, இந்தா, இங்க சதைக்குள்ள முங்கி, இங்க வந்துதான் வெளிய வருது. பொறவியிலேயே அப்படி. இதயம் ஒவ்வொரு தடவ சுருங்கறப்பவும் குழாய நசுக்குது. நெறைய பேருக்குக் கொஞ்சூண்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. இவருக்கு இருக்கற மாதிரி இவ்ளோ ஆழமா, இவ்ளோ நீளமா நான் பாத்ததே அபூர்வம். உக்காந்திருந்தா ரத்தம் போக நேரம் இருக்கு, வலி தெரியாது. சிலிண்டர் தூக்கினாலோ, பயந்தாலோ, கோவப்பட்டாலோ படபடன்னு அடிக்கும். அப்ப ரத்தம் போக நேரம் கெடைக்கறதில்ல. நான் குடுத்த மாத்திரை அதோட வேகத்த இன்னும் ஏத்தி, பிடிய இன்னும் இறுக்கிடுச்சு."

மனைவி படத்தை உற்றுப் பார்த்தாள். "மடிச்சுத் தெச்சதுக்குள்ள நாடா போற மாதிரி இருக்கு."

"அதேதான்."

"அப்ப மடிப்பப் பிரிச்சு விட்டுடுங்களேன். நாடா வெளிய வந்துடும்."

"அதுவும் உண்டு" என்றார் டாக்டரம்மா. "நெஞ்சத் திறந்து, அந்தச் சதையப் பிரிச்சு விடற ஆபரேஷன். ஆனா அது கடைசி. மொதல்ல மாத்திரை. இதயத்துக்கு ஒரு பிரேக் போட்டு மெதுவா அடிக்க வைக்கற மாத்திரை. அதுக்கு அடங்கினா இதோட போச்சு. அடங்கலன்னா திறந்துதான் ஆகணும். ஒரு மாசம் கழிச்சு, நெஞ்சுல ஒரு சின்ன மெஷின ஒட்டி, வேலை செய்யறப்ப எப்படி அடிக்குதுன்னு பாப்போம். அதுவரைக்கும் வண்டி கிண்டி கிடையாது."

நெஞ்சைத் திறப்பது என்றதும் தையற்காரியின் முகம் வெளுத்துவிட்டது. துணியைப் பிரிப்பது வேறு, கட்டினவனைப் பிரிப்பது வேறு. வாத்தியார் மட்டும் ஏதோ யோசனையில், "இதுக்குப் பேரு என்ன டாக்டரம்மா?" என்று கேட்டார்.

"பாலம்னு சொல்லுவோம். குழாய் அடியில போகுது, சதை மேல போகுது."

"பாலம் வந்தா வேகத்தக் கொறைக்கணும்னு தெனம் நான்தான் கத்தறேன்" என்றார் வாத்தியார். "எனக்குள்ளயே ஒண்ண வெச்சுக்கிட்டு!"

அந்த ஒரு மாசம் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மனைவி மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவள் பரம்பரையிலேயே கிடையாது. அதற்குப் பதிலாக நம்ப ஆரம்பித்தாள். அடேயப்பா, என்ன நம்பிக்கை! வாத்தியார் கொட்டாவி விட்டால், "மூச்சு வாங்குதா?" என்பாள். தும்மினால் நெஞ்சைத் தடவுவாள். தண்ணீர் டம்ளரைத் தூக்கினால், "வைங்க கீழ!" என்று மெஷினை விட்டு ஓடி வருவாள். அவளுடைய தம்பி அரசியல் பேச வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். இத்தனை வருஷமாக ஆசைப்பட்டது மொத்தமாகக் கிடைத்ததில் வாத்தியாருக்குத் திகட்டிவிட்டது. ஆனால் ராத்திரி தூக்கத்தில் புரண்டு படுத்தால், இருட்டில் ஒரு கை வந்து அவர் நெஞ்சின் மேல் இருக்கும். துடிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். தூங்குகிற மாதிரியே படுத்திருப்பார். அது மட்டும்தான் அவர் வாழ்நாளில் செய்த நடிப்பு.

மாசம் முடிந்தது. சட்டைக்குள் மெஷினை ஒட்டிவிட்டு, "வழக்கமா செய்யற வேலையச் செய்ங்க" என்றார் டாக்டரம்மா.

"என் வேலையிலயே கஷ்டமான வேலை நீங்கதான்" என்றார் வாத்தியார். "வாங்க. உங்கள வெச்சே பாத்துடலாம். அதுக்குத் தாங்கினா எதுக்கும் தாங்கும்."

டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். மனைவி யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆபரேஷனா, மாத்திரையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். அதைத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டா தெரிந்துகொள்வாள்?

அதே ரோடு. முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில் ஒரு கேட்டுக்குள்ளிருந்து சரக்கு வேன் ஒன்று பின்பக்கமாக, பார்க்காமல் கொள்ளாமல் ரோட்டுக்கு வந்தது. டாக்டரம்மா "ஐயையோ" என்றார். இரண்டு கையும் மேலே போயின. கண் மூடிக்கொண்டது. பின்சீட்டிலிருந்து ஓர் அலறல்.

வாத்தியார் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினார். பிரேக்கை மிதித்தார். அவசரமில்லாமல் மிதித்தார். வேனை உரசாமல் வண்டி ஓரமாகப் போய் நின்றது.

வாத்தியார் காத்திருந்தார். இதோ வரும், நெஞ்சின் நடுவில் அந்த முழங்கை இப்போது வந்து உட்காரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வேன்காரன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயே போய்விட்டான். வலி வரவில்லை. டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி மத்தியானத் தூக்கத்தில் இருக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது.

"வாத்தியாரே!" என்று கத்தினார் டாக்டரம்மா. "அடங்கிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்!"

வாத்தியார் சந்தோஷத்தில் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சீட்டின் மூலையில் சுருண்டு, இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க... எனக்கு நெஞ்செல்லாம் வலிக்குதுங்க."

வாத்தியாரின் நாக்கு நுனிக்கு ஒரு சொல் வந்து நின்றது. எத்தனை வருஷமாக வாங்கி வாங்கிச் சேர்த்து வைத்த சொல்! வட்டியோடு திருப்பித் தருவதற்கு இதைவிட நல்ல சமயம் இந்த ஜென்மத்தில் வாய்க்காது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

பிறகு கதவைத் திறந்து இறங்கினார். சட்டைக்கு வெளியே தொங்கிய ஒயரை உள்ளே தள்ளிக்கொண்டே பின்பக்கம் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்தார்.

"எங்க வலிக்குது? சொல்லு" என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முதல் தடவை ஆஸ்பத்திரியில் அழுதாளே, அதே அழுகையை அழுதாள். டாக்டரம்மா முன்சீட்டிலிருந்து எட்டி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "பயந்துட்டாங்க, அவ்ளோதான். ஒண்ணுமில்ல" என்றார்.

"அத மட்டும் சொல்லாதீங்க டாக்டரம்மா!" என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

டாக்டரம்மா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சரி, வாங்க. ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்" என்று சாவியைத் திருப்பி வண்டியை எடுத்தார். முனையில் சிக்னலுக்கு நின்றார். பச்சை விழுந்ததும் கிளம்பினார். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டார். டாக்டரம்மாவுக்குப் பக்கத்து சீட்டில் யாருமே இல்லை, இரண்டாவது பிரேக்கில் கால் இல்லை என்பது ஆஸ்பத்திரி வாசல் திருப்பத்தில்தான் வாத்தியாருக்கு உறைத்தது. பின்சீட்டில் இருந்த அவருடைய கால் தானாகத் தரையை அழுத்தியது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் காலை அவர் காலின் மேல் வைத்தாள்.

"சும்மா இருங்க" என்றாள். "அவங்க கண்ணத் தொறந்துதான் ஓட்டறாங்க."